கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடக்கக் காட்சியில் சுழலும் வளையங்கள் என்ன சொல்கின்றன?

கேள்வி: இந்தத் தொலைக்காட்சித் தொடரை முதல் சீசனிலிருந்து மறுபடி பார்க்கிறேன். வரைபடம் புரிகிறது, ஆனால் சூரியனைச் சுற்றும் உலோக வளையங்களில் செதுக்கியிருக்கும் மிருகங்கள் எதற்கு?

பதில் 1: அது கதைக்கு முந்தைய வரலாறு. டிராகன் என்றால் அப்போது ஆண்ட டார்கேரியன் வம்சம்; ஓநாய் ஸ்டார்க், சிங்கம் லானிஸ்டர், மான் பராத்தியன் குடும்பங்களின் சின்னங்கள். ஓநாயும் சிங்கமும் மானும் அதைத் தாக்குகின்றன, அப்புறம் மானுக்குக் கிரீடம், மற்றவை அதை வணங்கி நிற்கும், அதாவது ராபர்ட் பராத்தியன் அரசனான கதையை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட அழகான தொடக்கம் வேறில்லை.

பதில் 2: 2019-இல் வந்த 8-ஆம் சீசனில் வளையங்களில் இருந்த காட்சிகளும் மாறின. வடக்கு எல்லையின் பனிச்சுவர் இடிந்த இடத்திலிருந்து வரைபடத்தின் ஓடுகள் ஒவ்வொன்றாக நீலமாகப் புரண்டு ஸ்டார்க் குடும்பத்தின் கோட்டையான வின்டர்ஃபெல் வரை வரும், பார்க்கும்போதே குளிர் ஏறும்.

கேட்டவர்: சரி, 3-ஆம் சீசனில் வின்டர்ஃபெல் மேல் புகை எழுவது, கோட்டை எரிந்ததால்தானே?

பதில் 1: ஆமாம், அதேதான்.