தேயிலை விலை குறைந்தும் பாஸ்டன் ஏன் கொதித்தது?

கேள்வி: மாணவி_வரலாறு
1773 தேயிலைச் சட்டத்தால் (கிழக்கிந்தியக் கம்பெனி காலனிகளுக்கு நேரடியாகத் தேயிலை விற்கலாம் என்ற சட்டம்) பிரிட்டனின் அமெரிக்கக் காலனிகளில் தேயிலை மலிவாகியிருக்கும் என்கிறார்கள். வரியோ ராத்தலுக்கு 3 பென்ஸ், அதுவும் 1767-லேயே போட்ட பழைய வரி. பிறகு ஏன் மாசசூசெட்ஸ் காலனியின் பாஸ்டனில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்? அங்கிருந்து 1775-ல் துப்பாக்கி தூக்கும்வரை இடையில் என்ன நடந்தது? தேர்வில் "அதிக வரி" என்று எழுதினால் போதுமா?

பழைய ஏடு
போதாது, அது தவறும்கூட. வரி எவ்வளவு என்பதைவிட அந்தப் பணம் எங்கே போனது என்று பாருங்கள். அதுவரை கவர்னருக்குச் சம்பளம் கொடுத்தது காலனியின் சட்டசபை. கவர்னர் முரண்டு பிடித்தால் சம்பளத்தை நிறுத்திவைக்கலாம். மக்கள் கையில் இருந்த ஒரே கடிவாளம் அது. 1767 வரிப்பணத்தில் கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் லண்டனே சம்பளம் தரலாம் என்று ஆனது. மாசசூசெட்ஸ் கவர்னர் ஹட்சின்சனுக்கு அப்படித்தான் சம்பளம் வந்தது. ஆக, மலிவான தேயிலையை வாங்கிக் குடித்தால் அந்தக் கடிவாளத்தைத் தாங்களே அறுத்துக்கொடுத்த மாதிரி.

கூடவே, கிழக்கிந்தியக் கம்பெனி தேர்ந்தெடுத்த சிலர் மட்டுமே சரக்கை வாங்கி விற்கலாம்; பாஸ்டனில் அவர்களில் இருவர் ஹட்சின்சனின் மகன்கள். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும் பிழைப்பு போகும்.

தேதிக்கும் காரணம் உண்டு. கப்பல் வந்த 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கம் சரக்கைப் பறிமுதல் செய்யும். தேயிலையோடு பாஸ்டன் வந்த டார்ட்மவுத் கப்பலுக்குக் கெடு டிசம்பர் 17. வரி கட்டாமல் கப்பல் திரும்ப முடியாது என்றார் ஹட்சின்சன். 16 இரவு பெட்டிகளைக் கோடரியால் பிளந்தார்கள். கடல் வற்றியிருந்த நேரம். தேயிலை வைக்கோல் போராய்க் கப்பலோரம் குவிய, ஆள் இறங்கித் தள்ளிவிட வேண்டியிருந்தது. நியூயார்க், பிலடெல்பியா கப்பல்கள் சரக்கோடு திரும்பிவிட்டன.

ஊர்க்கூட்டம்
போருக்கு வழி போட்டது, தேயிலையைக் கொட்டியதற்காக லண்டன் பாராளுமன்றம் போட்ட 1774 தண்டனைச் சட்டங்கள். ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். அதைவிட மாசசூசெட்ஸ் கிராமங்களைக் கொதிக்கவைத்தது, அந்தக் காலனியின் சாசனத்தை மாற்றிய இன்னொரு சட்டம்: கவர்னர் அனுமதியில்லாமல் ஊர்க்கூட்டம் வருடத்துக்கு ஒருமுறைதான். சாலை, பள்ளி, ஏழைகளுக்கு உதவி எல்லாம் அங்கேதான் முடிவாகும். தேயிலையைத் தொடாத விவசாயியும் எழுந்தது இதனால்தான்.

செப்டம்பர் 6 அன்று மாசசூசெட்ஸின் வூஸ்டர் ஊரில் நீதிமன்றம் கூடவில்லை; 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் வந்து தெருவின் இருபுறமும் நின்றார்கள். நீதிபதிகளும் அலுவலர்களும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடுவே நடந்து, பதவியைக் கைவிடும் வாசகத்தை முப்பது தடவைக்கு மேல் படிக்க நேர்ந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. பாஸ்டனுக்கு வெளியே அரசனின் ஆட்சி அன்றே சரிந்துவிட்டது என்பது என் கணிப்பு. ஏப்ரல் 19, 1775 அதை மீட்கப் போன முயற்சி. கான்கார்டில் பதுக்கியிருந்த ஆயுதங்களை அழிக்கச் சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிளம்பினார்கள். வழியில் லெக்சிங்டனில் காலனிக்காரர் 8 பேர் இறந்தார்கள்.

மாணவி_வரலாறு
மாசசூசெட்ஸ் புரிகிறது. மற்ற காலனிகள் ஏன் சேர்ந்தன?

பழைய ஏடு
ஒரு காலனியின் சாசனத்தையே (அதன் ஆட்சிமுறையை வகுத்த ஆவணம்) லண்டன் மாற்றலாம் என்றால் நாளை நமக்கும் அதே கதிதான் என்ற பயம். 1774-ல் 12 காலனிகள் பிலடெல்பியாவில் கூடின, ஜார்ஜியா மட்டும் வரவில்லை. டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்கு வேண்டாம் என்று முடிவு. அதைக் கண்காணிக்க ஒவ்வொரு கவுண்டியிலும் நகரத்திலும் குழு. மீறியவர் பெயர் பத்திரிகையில் வரும். நிழல் அரசாங்கம் இந்தக் குழுக்கள்தான்.

கரைவழி
ஒன்றை விட்டுவிடாதீர்கள்: சண்டை தொடங்கி 14 மாதம் கழித்துத்தான் விடுதலைப் பிரகடனம். 1775 ஜூலையில்கூட அரசனுக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். ஆகஸ்டில் அவர் இவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். டிசம்பரில் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று பாராளுமன்றம் சட்டம் போட்டது. மிச்சமிருந்த நம்பிக்கை அதோடு போயிற்று.

பிரான்ஸ் 1778-ல் அமெரிக்கர் பக்கம் இறங்கியபின் அந்தப் போர் நம் கரைக்கும் வந்தது. 1783 ஜூனில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டார்கள், உள்ளே பிரெஞ்சுப் படை. ஐரோப்பாவில் சமாதானம் ஆன சேதி மாதக் கடைசியில் வந்தபிறகுதான் இங்கே பீரங்கி ஓய்ந்தது.