இம்ப்ரோவ் எங்கே தொடங்கியது, மட்டக்களப்பில் அப்படி ஏதும் இருந்ததா?

கல்லடிப் பொடியன்:
நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு பின்னேரம் இம்ப்ரோவ் செய்து பார்க்க யோசிக்கிறோம். பிரதி இல்லை, பார்க்க வந்தவர்கள் ஒரு இடமோ தொழிலோ சொன்னால் அதை வைத்து அப்படியே நடிப்பது. யூடியூபில் பார்த்ததைத் தவிர ஒன்றும் தெரியாது. இந்த நகைச்சுவைக் கிளப் எல்லாம் முதலில் எப்படித் தொடங்கியது? எங்கள் பக்கம் யாரும் செய்திருக்கிறார்களா? அப்பா "உதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை" என்கிறார்.

நாடகப்பித்து:
சிகாகோவில் இருந்து தொடங்கு தம்பி. 1930களின் கடைசியில் வயோலா ஸ்போலின் என்ற அம்மா, குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்க விளையாட்டுகளை உருவாக்கினார். மறுகா அவருடைய மகன் போல் சில்ஸும் டேவிட் ஷெப்பர்டும் 1955இல் சிகாகோப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுச்சாலையில் காம்பஸ் பிளேயர்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். கதைச் சுருக்கம் மட்டும்தான் கையில், வசனம் கிடையாது. அன்றைய பத்திரிகைச் செய்தியையும் எடுத்து நடித்துக் காட்டினார்கள். செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை அரங்கு சிகாகோவில் வந்தது 1959 டிசம்பரில்தான். ஒன்று கவனி, அங்கே பார்வையாளரிடம் கேட்டு நடித்ததில் எது எடுபட்டதோ அதைத் திருத்தித் திருத்தி அடுத்த நிகழ்ச்சிக்கு நிலையான துண்டாக்கிவிடுவார்கள். எல்லாமே அந்த நேரத்துச் சரக்கு என்று நம்பாதே.

படுவான்கரையான்:
அப்பாவிடம் மகிடிக் கூத்தை ஞாபகப்படுத்து. பகலில், வெட்டவெளியில், இரண்டு கட்சி நின்று மந்திரப் போட்டி. பேச்சில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் வாயில் வருவதுதான், ஊர்க்கதை, நக்கல், நையாண்டி எல்லாம் அதற்குள் வந்துவிடும். இரவுக் கூத்திலும் ராசா வருவதை அறிவிக்கிற கட்டியகாரன் இருக்கிறாரே. எங்கள் ஊரில் ராசாவுக்கு உடுப்புக் கட்டி முடியவில்லை என்றால் களரியில் நிற்கிற கட்டியகாரன்தான் நேரத்தை இழுக்க வேண்டும், பாயில் நித்திரையாய்க் கிடக்கிறவரைத் தட்டியெழுப்பி "ராசா வாறார், நீ வரி கட்டிட்டியா" என்று கேட்பார், அந்த ஆள் முழித்துக்கொண்டு சொல்கிற பதிலைப் பிடித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிவிடுவார்.

கல்முனைக்காரன்:
மகிடிக்குச் சரி, ஆனால் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகை இரவுக் கூத்தையும் இம்ப்ரோவ் என்று சொல்லாதீர்கள் அண்ணே. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்குகிறார், கொப்பி பார்க்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்கிறார், ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, பிசகினாலும் அடுத்த நாள் ஊரே கதைக்கும்.

படுவான்கரையான்:
பாட்டும் ஆட்டமும் இறுக்கம்தான், நான் மறுக்கவில்லை. இடையில் பேசுகிறவனுக்குத்தான் அவிழ்த்துவிட்ட கயிறு. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், விடியவிடிய நடந்த கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். பெரிய வேலை, ஆனால் அந்தச் சுருக்கத்துக்குள் இந்த மாதிரி இழுவைக்கு எங்கே இடம்?

நாடகப்பித்து:
இதையும் கேளுங்கள். பிரித்தானியாவில் 1968 வரை நாடகப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். பிரதியே இல்லாததற்கு என்னத்தைக் கொடுப்பது? அதனால் அங்கே இம்ப்ரோவ் செய்த நாடக இயக்குநர் கீத் ஜோன்ஸ்டன் வகுப்பு நடத்துகிறேன், செய்து காட்டுகிறேன் என்ற பெயரில்தான் மேடையேறினார். பிறகு கனடாவுக்குப் போய் 1977இல் கால்கரியில் லூஸ் மூஸ் அரங்கைத் தொடங்கினார். இரண்டு அணி மோத நடுவர் புள்ளி போடுகிற போட்டி அவருடையது, மல்யுத்தம் பார்க்க வந்த சனத்தின் ஆரவாரத்தைப் பார்த்து வந்த யோசனையாம்.

கல்லடிப் பொடியன்:
இரண்டு கட்சி மோதுவதென்றால் மகிடியும் அதுதானே! அப்பாவிடம் சொன்னேன், "அப்ப நானும் வாறன்" என்கிறார். மண்டபமா வெளியா?

படுவான்கரையான்:
வெளி. சனத்தைச் சுற்றி உட்கார வை, மைக் வேண்டாம். உயர மேடையில் நின்றால் ஒருத்தரும் வாய் திறந்து பதில் சொல்ல மாட்டார்கள். அப்பாவை முதலில் இறக்காதே, பொடியன்கள் சூடேறின பிறகு இறக்கு.