அப்பாவின் பிபி அடங்கவே இல்லை, ஒரு கிட்னி சின்னதாக இருக்கிறதாம். ஸ்டென்ட் வைக்கணுமா?

மாந்தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்:
அப்பாவுக்கு 67 வயது. பீடியை விட்டது இப்போதுதான். மூன்று மாத்திரை போட்டும் பிபி 180க்குக் கீழே வரவில்லை. டெல்மிசார்டன் என்ற பிபி மாத்திரை சேர்த்ததும் கிரியேட்டினின் (கிட்னி வேலை குறைந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.3லிருந்து 2.1க்கு ஏறிவிட்டது, அதை நிறுத்திவிட்டார்கள். ஸ்கேனில் வலது கிட்னி 8 செ.மீ., இடது 10.5. கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம், டாப்ளர் (குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் ஸ்கேன்) எடுங்கள் என்கிறார் டாக்டர். சித்தப்பாவோ பெங்களூர் போய் உடனே ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழல்) வைக்கச் சொல்லி நச்சரிக்கிறார். குழாய்க்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்?

அரூர் அக்கா (ஓய்வுபெற்ற நர்ஸ்):
தம்பி, குழாய் சுருங்கினால் அந்தக் கிட்னிக்கு ரத்தம் குறையும். உடம்பு முழுக்கவே பிபி விழுந்துவிட்டதாக நினைத்து அது ரெனின் என்ற பிபியை ஏற்றும் சுரப்பை விடும். அதனால் மற்ற குழாய்கள் இறுகும், உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பிபி எகிறும். கோல்ட்பிளாட் என்பவர் 1934லேயே நாயின் கிட்னிக் குழாயில் கிளிப் மாட்டி இதைக் காட்டிவிட்டார். டெல்மிசார்டன் இந்த ஏற்பாட்டைத் தடுக்கிற மாத்திரை. அதைப் போட்டதும் கிரியேட்டினின் இப்படித் தாவினால் இரண்டு பக்கக் குழாயையும் சந்தேகப்பட வேண்டும்.

சித்தப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கொழுப்புப் படிந்து சுருங்கிய 947 பேரை வைத்து நடந்த கோரல் ஆய்வு 2014இல் வந்தது. நல்ல மாத்திரை மட்டும் போட்டவர்களைவிட, அதோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு மாரடைப்போ, பக்கவாதமோ, கிட்னி கெடுவதோ பெரிதாகக் குறையவில்லை. ஆனால் திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டினாலோ, இரண்டு பக்கமும் அடைத்துக் கிட்னி வேகமாகக் கெட்டாலோ கதை வேறு, அப்போது ஸ்டென்டைப் பற்றி யோசிக்கலாம்.

முட்டி வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கி விழுங்க விடாதீர்கள். டயாலிசிஸ் வார்டில் நான் பார்த்த பாதிப் பேர் அந்தப் பழக்கக்காரர்கள்தான். சோடியம் குறைவு என்று விற்கிற உப்பும் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கும், கிட்னி சரியில்லாதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறிவிடும். உங்கள் ஊர் மாங்காய் ஊறுகாயைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்!

பாலக்கோடு தங்கராசு:
என் தங்கச்சிக்குச் சின்ன வயதிலேயே இந்தச் சுருக்கம். இடது கையில் நாடியே சரியாகக் கிடைக்கவில்லை. டகயாசு என்றார்கள், குழாயில் வரும் அழற்சியாம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிட்டு அப்புறம்தான் பலூன் விட்டுக் குழாயை விரித்தார்கள். இப்போது ஒரே மாத்திரை. எதற்கும் அப்பாவுக்கு இரண்டு கையிலும் பிபி பாருங்கள்.

மாந்தோப்புக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமே இரண்டு கையிலும் பார்க்கச் சொல்கிறேன். டாப்ளருக்கு டை (குழாய் படத்தில் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) ஏற்றுவார்களா? அப்பா அதற்குத்தான் பயப்படுகிறார்.

அரூர் அக்கா:
கிடையாது தம்பி, டை எல்லாம் சிடி ஆஞ்சியோவுக்குத்தான். டாப்ளருக்குக் காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போங்கள். வயிற்றில் காற்று இருந்தால் குழாய் சரியாகத் தெரியாது. பிபி மாத்திரையை மட்டும் ஒரு வாய் தண்ணீரில் போடலாமா என்று ஸ்கேன் சென்டரில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.