எஸ்விஜி படத்தில் 'கு', 'டு' உடைகின்றன

மதுரையில் ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு 42 ஸ்லைடுகளில் இணையப் பாடம் தயாரிக்கிறேன். படத்தில் உள்ள பாகப் பெயர்களைப் பின்னர் திருத்த வேண்டியிருக்கும் என்பதால், அவற்றை எழுத்தாகவே வைத்து இங்க்ஸ்கேப் என்ற வரைகருவியில் எஸ்விஜியாக (பெரிதாக்கினாலும் மங்காத படக் கோப்பு வகை) வரைந்தேன். என் கணினியில் சரியாக இருக்கும் 'குடுவை', மாணவர் செல்பேசியில் வேறு எழுத்துருவில் விரிந்து அம்புக்குறி மேல் ஏறிவிடுகிறது. மூன்று வாரமாக இதே போராட்டம்.

எழுத்துருவை வெளி இணைப்பாகக் கொடுத்தேன், ஏற்கவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் தேவையான எழுத்துகளை மட்டும் பிரித்து, பேஸ்64 ஆக (எழுத்துக்குறிகளின் வரிசையாக மாற்றி) எஸ்விஜி கோப்புக்குள் பொதித்தேன். எழுத்துரு வந்தது, 'கா', 'கெ' சரி. 'கு' மட்டும் ககரம் தனியாக, உகரக்குறி தனியாக நிற்கிறது. எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றினால் அழகுதான். ஆனால் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் படிக்காது. அதை ஏற்க மனமில்லை.

உகர வடிவங்கள் விடுபடாமல் தமிழ் எழுத்துருவைச் சுருக்கிப் பொதிக்க எந்தக் கருவியை, எந்த அமைப்பில் பயன்படுத்துகிறீர்கள்?