1998 மாருதி 800: நானே டேப்பட் செட்டிங் செய்த பிறகு டிக் டிக் சத்தம், எங்கே பார்ப்பது?

கேள்வி (பாலக்கோடு)

வணக்கம் நண்பர்களே. வண்டி 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் இன்ஜின். அப்பா வாங்கியது. அவர் போன பிறகு நான் வைத்து ஓட்டுகிறேன், விற்கிற எண்ணம் இல்லை.

டேப்பட் கவர் ஓரமாக ஆயில் கசிந்துகொண்டே இருந்தது. கேஸ்கெட் மட்டும் மாற்றலாம் என்றுதான் போன ஞாயிறு திறந்தேன். கழற்றியதுதான் கழற்றினோம் என்று டேப்பட் செட்டிங்கும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் என்ற கைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது) செய்தேன், மூன்று பிளக்கும் புதிதாகப் போட்டேன், எப்போது மாற்றியது என்றே தெரியாத டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிட்டேன். டேப்பட்டுக்கு ஒரு வீடியோ பார்த்து, இன்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது, கிராங்க் புல்லியை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி சிலிண்டர்கள் வெடிக்கும் 1, 3, 2 என்ற வரிசையில் இடைவெளியை வைத்தேன். இன்டேக் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர் தாள் (இடைவெளியை அளக்கும் மெல்லிய உலோகத் தகடு).

இப்போது ஸ்டார்ட் செய்ததுமே தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம். ஆக்சிலேட்டர் கொடுத்தால் வேகமாகிறது. வேலைக்கு முன்பு இந்தச் சத்தம் அறவே இல்லை. சேலம் போய்விட்டு வந்தேன். திரும்பும்போது தொப்பூர் மேட்டில் வண்டி எப்போதும் போலத்தான் இழுத்தது, ஆனால் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்றார்கள். அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. நான் கை வைத்ததால்தான் அப்பாவின் வண்டி கெட்டுப்போனதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. எதிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்?

பதில் (ஓசூர்)

பழைய இன்ஜின்தானே சார். கொஞ்சம் கெட்டியான ஆயிலாக மாற்றிப் பாருங்கள். என் பழைய வண்டியில் சத்தம் பாதியாகக் குறைந்தது.

பதில் (கிருஷ்ணகிரி)

ஆயிலை இப்போது மாற்றாதீர்கள் சார். சத்தம் அமுங்கிவிடும், காரணம் உள்ளேயே இருக்கும், அப்புறம் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். வேலைக்கு முன்பு இல்லாத சத்தம் வேலைக்குப் பின்பு வந்தால், நாம் கை வைத்த இடங்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரே நாளில் பேரிங் தேய்ந்துபோகாது. இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆயில் அளவு சரியா? ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கு உடனே அணைகிறதா? இன்ஜின் சூடான பிறகும் சத்தம் அப்படியே இருக்கிறதா? சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று போகலாம், அதுவும் டிக் டிக் என்றுதான் கேட்கும். பிளக் சரியாக முறுக்காவிட்டாலும் அப்படித்தான். பிளக் அடியில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் அங்கே லீக். பழைய பிளக்கின் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, புது பிளக் அதன்மேல் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பெல்ட் மூடியில் ஒரு போல்ட் விட்டுப்போயிருந்தால் அதுவும் தடதடக்கும்.

முக்கியமானது இன்னொன்று. ஐடிலிங்கில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். இன்சுலேஷன் உள்ள பிளையர் வேண்டும், வெறுங்கையால் தொடாதீர்கள். கழற்றிய ஒயரில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வையுங்கள். எந்த சிலிண்டரின் ஒயரைக் கழற்றும்போதாவது சத்தம் சட்டென்று குறைகிறதா என்று கேளுங்கள். பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்தில் உள்ளது) சத்தமாக இருந்தால் அந்த சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் குறையும். அது டிக் டிக் என்றும் இருக்காது, வெற்றிலை இடிக்கிற மாதிரி அடியிலிருந்து டொக் டொக் என்று வரும்.

கேட்டவர் (பாலக்கோடு)

மிக்க நன்றி அண்ணா. எல்லாம் பார்த்தேன். ஆயில் சரியாக இருக்கிறது, விளக்கு உடனே அணைகிறது. சூடானாலும் ஆறினாலும் அதே சத்தம். சோப்புத் தண்ணீரில் குமிழி இல்லை. பெல்ட் மூடி போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றன. பெல்ட் போட்ட அன்றே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் நேராக வருவதையும் பார்த்திருந்தேன்.

பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இன்ஜின் தள்ளாடுகிறது, ஆனால் டிக் டிக் மூன்றிலும் மாறவே இல்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை டேப்பட் கவர்மேல் நகர்த்திக்கொண்டே போனேன். நடுவில் வைத்தபோது காதுக்குள் சுத்தியல் அடிக்கிற மாதிரி கேட்டது. இரண்டு ஓரங்களிலும் அவ்வளவு இல்லை.

பதில் (தருமபுரி)

தம்பி, நான் முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தவன். இப்போது ஓய்வு. உங்கள் முதல் பதிவிலேயே விடை இருக்கிறது. "அரைச் சுற்று அரைச் சுற்றாக" என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா? நீங்கள் பார்த்த வீடியோ நாலு சிலிண்டர் வண்டியுடையது. உங்கள் 796 சிசி இன்ஜினில் மூன்றுதான்.

கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்றினால் எல்லா சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். நாலு சிலிண்டருக்கு 720-ஐ நாலால் வகுத்தால் 180, அரைச் சுற்று. மூன்றால் வகுத்தால் 240. முதல் சிலிண்டரை மேலே (அதாவது இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்படி) வைத்துவிட்டு நீங்கள் 180 திருப்பியபோது, மூன்றாவது சிலிண்டர் மேலே வர இன்னும் 60 டிகிரி பாக்கி. அதற்குள் இரண்டு வால்வும் மூடியிருக்கும், அதனால் அது தப்பித்தது. அடுத்து இன்னொரு 180. இப்போது மொத்தம் 360. இரண்டாவது சிலிண்டர் வர வேண்டியது 480-இல். 120 டிகிரி முன்னாலேயே நின்றுவிட்டீர்கள். அந்த இடத்தில் அதன் இன்டேக் வால்வ் அப்போதுதான் மூடிக்கொண்டிருக்கும், கேமின் (சுழன்று ராக்கரைத் தள்ளும் முட்டை வடிவப் பகுதி) மூக்கின் சரிவு இன்னும் ராக்கரைத் தள்ளிக்கொண்டிருக்கும். இடைவெளியே இல்லை என்று நினைத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி 0.15 தாளை நுழைத்திருப்பீர்கள். கேம் முழுசாக விலகியதும் உண்மையான இடைவெளி அதைவிட எவ்வளவோ பெரிதாகிவிடும்.

சத்தம் கவரின் நடுவில் வருகிறது, பிளக் ஒயரைக் கழற்றினால் மாறவில்லை. இரண்டும் இதோடு பொருந்துகிறது. இரண்டாவது சிலிண்டர் இன்டேக் ராக்கரைப் பாருங்கள்.

இந்த முறை இப்படிச் செய்யுங்கள். ராத்திரி முழுக்க இன்ஜின் ஆறட்டும். மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டால் கிராங்க் சுலபமாகத் திரும்பும். முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து, இன்ஜினில் அசையாத ஒரு குறிக்கு நேராக கிராங்க் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். புல்லியின் சுற்றளவை மூன்றாகப் பிரித்து இன்னும் இரண்டு கோடு. இன்ஜின் ஓடும் திசையிலேயே திருப்பி, ஒரு கோட்டைத் தாண்டவிட்டு அடுத்த கோடு குறிக்கு வரும்போது நிறுத்துங்கள், அதுதான் 240. பின்னோக்கித் திருப்பாதீர்கள்.

கோடு போடவே வேண்டாம் என்றால் நாங்கள் செய்யும் இன்னொரு வழி உண்டு. ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வ் திறக்க ஆரம்பிக்கும்போது அதன் இன்டேக்கைச் சரிசெய்யுங்கள். இன்டேக் மூடி முடிகிற நேரத்தில் எக்ஸாஸ்டைச் சரிசெய்யுங்கள். எத்தனை சிலிண்டர் வண்டியாக இருந்தாலும் இது தப்பாது.

ஒரு விஷயம் மறக்காதீர்கள். சத்தம் பிடிக்கவில்லை என்று இடைவெளியைக் குறைத்து இறுக்கிவிடாதீர்கள். தளர்ந்த வால்வ் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இறுகிய வால்வ் சத்தமே இல்லாமல் சரியாக மூடாமல் கருகிப்போகும், எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்த ஆபத்து அதிகம்.

கேட்டவர் (பாலக்கோடு)

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது!

காலையில் கவரைத் திறந்து, இரண்டாவது சிலிண்டரைச் சரியாக மேலே கொண்டுவந்து, இன்டேக் ராக்கரை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். கிளக் கிளக் என்று ஆடியது. பக்கத்தில் உள்ளவற்றில் அந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. 0.15 தாள் காற்றில் போவதுபோலப் போனது. தாள்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்துப் பார்த்தேன், 0.40-உம் உள்ளே நுழைந்தது. மற்ற ஐந்தும் சரியாக இருந்தன.

முதல் தடவை லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றி, இடைவெளி மறுபடி மாறிவிட்டது. பிறகு ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கி, மறுபடி தாள் விட்டுப் பார்த்தேன். இழுக்கும்போது லேசாகப் பிடித்துவிடும் அந்த உணர்வு கைக்கு வந்த பிறகுதான் விட்டேன்.

ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் இல்லை. ஆறும் சேர்ந்து எழுப்பும் மெல்லிய சத்தம் மட்டும்தான், அப்பா ஓட்டியபோது கேட்ட அதே சத்தம். வாசலில் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார். உங்களுக்கும் கிருஷ்ணகிரி அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். போன வாரம் போட்ட புது கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில் (தருமபுரி)

சந்தோஷம் தம்பி. ஒரு வாரம் ஓடிய கேஸ்கெட் பரவாயில்லை, ரப்பர் மெத்தென்று இருந்து, எங்கும் கிள்ளுப்படாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஓரமாக ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டி மறுபடி துடைத்துப் பாருங்கள். துணியில் கறை வந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். கவர் நட்டுகளை அதிகமாக முறுக்கிவிடாதீர்கள், தகடு வளைந்தால் புது கேஸ்கெட் போட்டாலும் கசியும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஒரு இன்டேக்கில் மட்டும் தாள் விட்டுப் பார்த்து இங்கே எழுதுங்கள்.