கருத்துக்கணிப்பில் ‘வெயிட்டிங்’: எடையிடலா, நிறையிடலா, சீர்தூக்கலா?

ஹாரோவிலிருந்து, திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இலண்டனின் வடமேற்கே ஹாரோவில் சனிக்கிழமைதோறும் தமிழ் மூத்தோர் சிலர் கூடிச் செய்தித்தாள் வாசித்துப் பேசுகிறோம். பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தவர், பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட தஞ்சை, மதுரைக்காரர்களும் உண்டு. இலங்கைக் குடிமக்களும் இந்தியக் குடிமக்களும் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், இங்கே சட்டப்படி வசித்துவந்தால், பிரித்தானியக் குடியுரிமை பெறாமலேயே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆகவே கருத்துக்கணிப்பு அவர்களுக்கு வெறும் வேடிக்கைச் செய்தி அன்று.

சென்ற வாரம் ஓர் ஐயா கணிப்பு நிறுவனம் ஒன்றின் அட்டவணையை அச்செடுத்து வந்து ஒரு கேள்வி கேட்டார். இளைஞர் என்ற கட்டத்தில் ஒரு வரிசையில் ஓர் எண்ணும் அதன் கீழேயே அதைப் போல் இருமடங்கான எண்ணும் இருந்தன. “கேட்டது ஐம்பது பேரை என்றால், நூறு பேர் எங்கிருந்து வந்தார்கள்? இது கள்ளக்கணக்கு அல்லவா?” என்றார். கள்ளக்கணக்கு அன்று என்பதை விளக்க நான்கு பக்கக் கைந்நூல் ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு அச்சுக்குப் போக வேண்டும்.

கருத்துக்கணிப்பு, பிழை வரம்பு போன்ற சொற்களில் எனக்குச் சிக்கல் இல்லை. ‘வெயிட்டிங்’ (weighting: கணிப்பில் சிலரது விடையைக் கூட்டியும் சிலரதைக் குறைத்தும் எண்ணுவது) என்பதில் நின்றுவிட்டேன். அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால், மருத்துவமனைக் காத்திருப்போர் பட்டியலைப் பற்றி எழுதுகிறேன் என்றே எங்கள் மூத்தோர் எடுத்துக்கொள்வார்கள். எடையைக் குறிக்கும் weighting, காத்திருப்பைக் குறிக்கும் waiting இரண்டுக்கும் தமிழ் எழுத்தில் வேறுபாடே இல்லை. பெயராகவும் வினையாகவும் எச்சமாகவும் வரக்கூடிய ஒரு சொல் வேண்டும். ‘அது செய்த எண்ணிக்கை, அது செய்யாத எண்ணிக்கை’ என்று அட்டவணைத் தலைப்பிலும் அது அமர வேண்டும்.

மதுரையிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, வணக்கம். புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் பொருளை வரையறுத்துவிடுகிறேன். கேள்வி கேட்கத் தெரிந்தெடுத்த ஆயிரம் பேரில், அதாவது மாதிரியில், இளைஞர் 50 பேரே அகப்பட்டனர், நாட்டின் மக்கள்தொகைப்படி 100 பேர் இருந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வோர் இளைஞரின் விடையையும் இரண்டு விடையாக எண்ணுகிறோம். முதியோர் 200 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 250 பேர் வந்துவிட்டால், ஒவ்வொருவரையும் 0.8 ஆக எண்ணுகிறோம். வயது, பால், வட்டாரம் ஆகியவற்றோடு, முந்தைய தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்பதையும் பிரித்தானியக் கணிப்பாளர்கள் இவ்வாறு கணக்கில் கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றிய 2016 பொதுவாக்கெடுப்புக்குப் பின் கல்வித் தகுதியையும் பலர் சேர்த்துக்கொண்டனர்.

எங்கள் பாடநூல்களில் ‘நிறையிட்ட சராசரி’ என்று படித்தோம். ஆனால் பொது வாசகருக்கு எடை என்பதே பழகிய சொல். ஆகவே ‘எடையிடல்’ என்று முன்மொழிகிறேன். எடையிட்ட எண்ணிக்கை, எடையிடாத எண்ணிக்கை என அட்டவணையிலும் தடையின்றி வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் மாலை

மதுரை ஐயாவின் விளக்கம் தெளிவானது. சொல்லைப் பொறுத்தவரை எனக்கு உடன்பாடில்லை. இலங்கைப் பாடநூலில் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு ‘திணிவு’, புவி அதை இழுக்கும் விசை ‘நிறை’. தமிழ்நாட்டில் முன்னதை ‘நிறை’ என்றும் பின்னதை ‘எடை’ என்றும் எழுதுகிறீர்கள். ஒரே சொல் பாக்குநீரிணையைக் கடந்ததும் வேறு பொருளாகிவிடுகிறது. நீங்கள் ‘சமவாய்ப்பு மாதிரி’ என்பதை நாங்கள் ‘எழுமாற்று மாதிரி’ என்கிறோம். அதுவும் இதே கதைதான். ஹாரோவில் பெரும்பான்மையினர் எங்கள் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் என்று அம்மாவே எழுதியிருக்கிறார். அவர்களுக்கு ‘நிறையிடல்’ என்பதே தன் சொல்லாகப் படும்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

அன்பர்களே, கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு இரு நாட்டுப் பாடநூல்களுக்கிடையே ஏன் தேடுகிறோம்?

“சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால்
கோடாமை சான்றோர்க் கணி.”

நடுவுநிலைமை அதிகாரத்துக் குறள் இது. இங்கே சீர் என்பதற்குப் பரிமேலழகர் பாரம் என்று பொருள் கொள்கிறார். தூக்கல் என்றால் அளந்தறிதல். ‘சீர்தூக்கல்’, ‘சீர்தூக்கிய மாதிரி’ என்பவை செம்மையான ஆட்சிகளாக அமையும். இரண்டு சொற்களுக்கும் இன்னொரு வாழ்வும் உண்டு: தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் உறுப்புகளில் சீரும் ஒன்று, தூக்கும் ஒன்று. அளவு என்ற கருத்து நம் முன்னோரிடம் கடைவீதியிலிருந்து யாப்பு வரை ஒரே வேரில் கிளைத்திருக்கிறது. எடை என்பதும் எடுத்தலிலிருந்து வந்ததே. தடு, தடை என்றும், கொடு, கொடை என்றும் ஆவதுபோல எடு, எடை. தூக்குவதும் எடுப்பதும் ஒன்றாகையால், நான் மதுரை நண்பரை மறுக்கவில்லை; அவர் சொல்லின் மூத்த வடிவத்தைத் தருகிறேன். ‘நிறை’ வேண்டுமென்பாருக்கும் சான்று உண்டு. நன்னூல் நல்லாசிரியரை நிறைகோலுக்கு ஒப்பிடுகிறது. ஆயினும் நிறைக்குக் கற்பு என்றும் நிரம்புதல் என்றும் பொருள்கள் பல இருப்பதால் அது மயங்கும்.

ஹாரோவிலிருந்து, புதன் இரவு

தஞ்சை ஐயாவின் மடலை இருமுறை வாசித்தேன், மனம் நிறைந்தது. ஆயினும் எனக்குள்ள தடைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சீர்தூக்கும்போது பொருளுக்கு ஏற்கெனவே உள்ள பாரத்தை நாம் அறிகிறோம். கணிப்பாளர் அதைச் செய்வதில்லை. இல்லாத பாரத்தை ஒருவருக்குக் கொடுக்கிறார், இருப்பதைச் சிலரிடமிருந்து குறைக்கிறார். அளப்பது ஒரு செயல், அளிப்பது வேறொரு செயல். எடையிடலுக்கும் இதே குறை உண்டு. ‘ஆளை எடைபோட்டுவிட்டேன்’ என்று நாம் சொல்வதால், எடையிட்ட இளைஞர்கள் என்று எழுதினால் அவர்களின் தகுதியை ஆராய்ந்ததாகவே தோன்றும்.

இரண்டாவது தடை எனக்கு இன்னும் முதன்மையானது. ‘சீர்தூக்கல்’ என்ற சொல்லுக்குள் நடுவுநிலை என்ற நற்பண்பு குடியிருக்கிறது. அப்படிச் சொன்னாலே கணிப்பு நேர்மையாக முடிந்துவிட்டது என்று வாசகர் நம்பிவிடுவார். 1992 ஏப்ரலில் நடந்த பிரித்தானியப் பொதுத்தேர்தலுக்கு முன் இறுதிக் கணிப்புகள் தொழிற்கட்சி சற்று முந்துவதாகக் காட்டின. எண்ணியபோது கன்சர்வேட்டிவ் கட்சி 7 விழுக்காட்டுப் புள்ளிக்கும் மேல் முந்தியிருந்தது. சந்தை ஆய்வுச் சங்கம் அமைத்த குழு ஆராய்ந்தபோது, கடைசி நேர மனமாற்றத்தோடும் தம் விருப்பத்தை மறைத்த வாக்காளர்களோடும், கணிப்பாளர்கள் பங்கு பிரிக்கப் பயன்படுத்திய மக்கள்தொகைத் தகவல்கள் காலங்கடந்தவை என்பதும் ஒரு காரணமாக வந்தது. 2015இல் இரு கட்சிகளும் ஏறத்தாழச் சமம் என்று சொன்னார்கள். முடிவில் இடைவெளி 6 புள்ளியைத் தாண்டியது. பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2016இல் தந்த அறிக்கை, மாதிரியே மக்களைப் போல இல்லை, கணக்கில் செய்த திருத்தங்களும் அந்தக் குறையைக் குறிப்பிடத்தக்க அளவு போக்கவில்லை என்றது. காரணம் எளிது. கணிப்பில் அகப்பட்ட 50 இளைஞரும் அரசியலில் ஆர்வம் மிக்கவர்களாக இருந்தால், அவர்களை இருமுறை எண்ணுவதால் ஆர்வமற்ற இளைஞர் கிடைத்துவிட மாட்டார், ஆர்வமுள்ளவர்தான் இரட்டிப்பாவார். ஆகவே சொல் செயலை மட்டும் குறிக்க வேண்டும், அதன் வெற்றியைக் குறிக்கக் கூடாது.

கோயம்புத்தூரிலிருந்து, வியாழன் காலை

அக்கா சொல்வது சரி. அப்படியானால் மக்கள் வாயில் இருக்கும் ‘சரிக்கட்டல்’ எப்படி? அல்லது ‘ஈடுசெய்தல்’? பெருக்கும் எண்ணை ‘ஈட்டெண்’ எனலாம். 2 என்பதும் 0.8 என்பதும் ஈட்டெண்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எங்கள் மளிகைக்கடையில் எண்ணெய் நிறுப்பதற்கு முன் வெறும் தகரத்தை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் கல்லோ ஆணியோ போட்டு முள்ளை நடுவில் நிறுத்துவார்கள். அதைத் தடை கட்டுதல் என்போம். கணிப்பாளர் செய்வதற்கு இதைவிட நெருங்கிய கைத்தொழிற்சொல் எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் மதியம்

தம்பியின் மூன்று சொற்களும் எங்கள் காதில் எப்படி விழும் என்று சொல்லிவிடுகிறேன். ஈடு என்றால் எங்களுக்கு முதலில் காணியும் நகையும் ஈடு வைப்பதுதான். சரிக்கட்டல் என்றால் முறைப்பாடு செய்தவருக்குப் பணம் கொடுத்து வாயை மூடச் செய்வது. கள்ளக்கணக்கு என்று ஐயுறும் ஒருவரிடம் அந்தச் சொல்லைக் கொடுத்தால், அவர் ஐயத்தை நாமே உறுதிப்படுத்தியவர்களாவோம். தடை கட்டுதல் மிக அழகானது, ஆனால் தராசைக் கையால் பிடித்தவர்களோடு அது போய்விட்டது. ‘தடைகட்டிய மாதிரி’ என்று இன்று அச்சிட்டால், அரசாங்கம் தடை செய்த மாதிரி என்றே வாசிப்பார்கள்.

மதுரையிலிருந்து, வியாழன் இரவு

அம்மாவின் அளத்தல், அளித்தல் என்ற பகுப்பை ஏற்று என் எடையிடலைத் திரும்பப் பெறுகிறேன். ‘எடையளிப்பு’ என்று திருத்திக்கொள்வோம். எடையளித்த எண்ணிக்கை, எடையளிக்காத எண்ணிக்கை, மிகை எடையளிப்பு, எடையளிப்பு இலக்கு என எல்லா வடிவமும் கிடைக்கின்றன. யார் அளித்தார் என்ற கேள்வியையும் அந்தச் சொல்லே எழுப்புகிறது, அது நன்மையே. 2017ஐ எண்ணிப் பாருங்கள். இளைஞர்கள் முன்போலவே குறைவாகத்தான் வாக்களிக்க வருவார்கள் என்று கருதிச் சில நிறுவனங்கள் அவர்களின் எடையைக் குறைத்தன. கன்சர்வேட்டிவ் கட்சி 10 புள்ளியோ அதற்கு மேலோ முந்துகிறது என்று இறுதிக் கணிப்பில் சொன்னவர்களும் இருந்தார்கள். உண்மை இடைவெளி 2 புள்ளியைச் சற்றே தாண்டியது. தொங்கு நாடாளுமன்றம் அமைந்தது. அங்கே தவறு பெரிதும் விடைகளில் இல்லை, அளித்த எடையில் இருந்தது. அந்தப் பொறுப்பை மறைக்காத சொல் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி காலை

எடை என்ற எளிய சொல்லோடு அளிப்பைச் சேர்த்து ஒட்டுப்போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கொடுப்பதே கருத்து என்றால் எடைக்கொடை என்றாவது சொல்லுங்கள். எடையும் கொடையும் ஒரே வாய்பாட்டில் பிறந்தவை, ஓசையும் இயையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி மதியம்

கொடை என்றால் கோயில் கொடையும் நன்கொடையுமே நினைவுக்கு வரும், ஐயா. எடையளிப்புக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கைந்நூலின் முதற்பக்கத்தில் ‘எடை’ என்று வரும் இடத்தில் ‘நிறை’ என்பதையும் ஒருமுறை சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பரீட்சைக்கு எழுதிப் பழகிய சொல்லை எழுபது வயதில் மாற்றிக்கொள்ளச் சொல்வது முறையாகாது.

ஹாரோவிலிருந்து, வெள்ளி இரவு

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். விளக்கப் பகுதியில் எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல், ‘ஒரு விடையைக் கூட்டியோ குறைத்தோ எண்ணுதல்’ என்று எழுதி, அதன்பின் ‘இதையே எடையளிப்பு என்கிறோம், இலங்கை வழக்கில் நிறையளிப்பு எனலாம்’ என்று சேர்த்திருக்கிறேன். அட்டவணைத் தலைப்புகளில் எடையளித்த, எடையளிக்காத என்பவை மட்டும். என்னோடு சேர்த்து மூவர் இசைந்தோம், ஒருவர் இசையவில்லை, கோவைத் தம்பி விடை எழுதவில்லை. இதற்கு மேல் காத்திருக்க நேரமில்லாமல் போயிற்று.

ஹாரோவிலிருந்து, சனி மாலை

கைந்நூலை வாசித்தோம். கேள்வி கேட்ட ஐயா அந்தச் சொல்லில் தடுக்கவில்லை. நேராக அடுத்த கேள்விக்குப் போனார். “இளைஞர் நூறு பேர் இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் யார்?” குடிசன மதிப்பீடு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, என்றேன். “பத்து வருஷத்துக்கு ஒருதரம் எடுக்கிறதை வைத்தோ?” என்றார். 2021 கணக்கெடுப்பைப் பற்றியும், இடையில் வெளியாகும் மதிப்பீடுகளைப் பற்றியும் அடுத்த வாரம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, ஞாயிறு காலை

அம்மையீர், அந்தப் பெரியவரின் கேள்வியை வாசித்தபின் குறளை மறுபடி எடுத்தேன். என் பிழை எனக்கு விளங்கியது. கோல் இரண்டு செயல்களைச் செய்கிறது: முதலில் தான் சமனாகிறது, பிறகே பாரத்தைத் தூக்குகிறது. நான் இரண்டாவது சொல்லை எடுத்துக்கொண்டு வாதிட்டேன். நீங்கள் அதை மறுத்தது முறையே. கணிப்பாளர் மாதிரியை நாட்டுக்கு ஒப்ப நிறுத்துவது முதற்செயல், அதாவது ‘சமன்செய்தல்’. விடைகளை எண்ணுவதே சீர்தூக்கல். கோவைத் தம்பியின் கடையில் தடை கட்டியதும் இந்த முதற்செயல்தான்.

சமன்பாட்டோடு மயங்கும் என்று மதுரை நண்பர் சொல்லக்கூடும். சமன் என்பது எல்லாரையும் ஒரே அளவாக்குவது, இங்கே வேண்டியது விகிதம் என்றும் சொல்லக்கூடும். அதற்கு என்னிடம் இப்போது விடையில்லை. கைந்நூல் மறுபதிப்புக்கு வரும்போது ‘சமன்செய்தல்’ என்பதை அடைப்புக்குள்ளாவது இடும்படி வேண்டுகிறேன். அதுவரை என் மாற்றுக்கருத்து குழும ஏட்டில் இருக்கட்டும்.