ராஜேஷ்குமாரின் 1500 நாவல்கள்: சாதனையா, வெறும் எண்ணிக்கையா?

மாம்பலத்தான்:
கோவைக்காரரான ராஜேஷ்குமார் 1500-க்கும் மேல் நாவல்கள் எழுதியவர். சிறுகதைகள் தனிக்கணக்கு. முதல் நாவல் 1980-ல் மாலைமதி இதழில் வந்தது. வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு முப்பதைத் தாண்டுகிறது. இந்த வேகத்தில் எழுதினால் எழுத்து இளைக்கத்தான் செய்யும் என்பது என் கட்சி. எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்த நேரம் எங்கே? அவருடைய துப்பறியும் நாயகன் விவேக் வருவார், விவேக்கின் மனைவி ரூபலா ஏதாவது கேட்பாள், கடைசி அத்தியாயத்தில் எல்லா முடிச்சும் ஒரே மூச்சில் அவிழும். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளை இன்றைக்கும் எடுத்துப் படிக்க முடிகிறது. இவருடைய நாவல்களில் ஐந்தின் தலைப்பையாவது யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

சாணித்தாள் ரசிகன்:
தலைப்பு ஞாபகம் இல்லாததை வைத்து எழுத்தை எடை போடாதீர்கள் சார். அவர் எழுதியது மாத நாவலுக்கு. ஜி. அசோகனின் க்ரைம் நாவல் மாதிரியான இதழ்கள் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். சென்ட்ரலில் ரயில் ஏறுகிறவர் ஒன்று வாங்கினால் ஜோலார்பேட்டைக்குள் முடிய வேண்டும். அதற்கு ஒரு கைத்திறன் வேண்டாமா?

ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதை, இரட்டைப்படையில் வேறொரு கதை. அங்கே கோவையில் கல்யாண வீடு, இங்கே சென்னையில் பிணம். அத்தியாயம் நாலு பக்கம்தான். நாலாவது பக்கத்தின் அடியில் டெலிபோன் அடிக்கும், எடுத்தவர் முகம் மாறும், அதோடு சரி. அடுத்த அத்தியாயத்தில் அந்த போனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இரண்டு தடமும் எங்கே முட்டுகின்றன என்று தெரிகிற வரை கீழே வைக்க முடியாது. நூறு பக்கச் சொச்சத்தில் இதைச் செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

பெரம்பூர் வாசகி:
இரண்டு பேரும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் தெரு லெண்டிங் லைப்ரரியில் இந்த நாவல்களைச் சுற்றில் விட்டதே பெண்கள்தான். அட்டையைப் பார்த்தால் வீட்டில் திட்டு விழும் என்று காலண்டர் தாளில் அட்டை போட்டுப் படித்தோம். ஆனால் உள்ளே எத்தனை கதைகளில் ஒரு பெண் முதல் அத்தியாயத்திலேயே செத்துக் கிடப்பாள்! அவள் யார், என்ன ஆசைப்பட்டாள் என்பதெல்லாம் விசாரணைக்குத் தேவையான அளவுக்கு மேல் வராது. எனக்கு இது அப்போதே உறுத்தியது. வேகத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

மாம்பலத்தான்:
அக்கா சொல்வதும் வேகத்தின் விளைவுதான். அவசரத்தில் எழுதும்போது கைக்கு முதலில் வருவது பழகிய அச்சு.

சாணித்தாள் ரசிகன்:
அப்படிப் பார்த்தால் நிதானமாக எழுதியவர்கள் எல்லாரும் பெண்களை நன்றாக எழுதியிருக்க வேண்டுமே! அந்தக் காலத் தொடர்கதைகளைப் புரட்டிப் பாருங்கள். அக்காவின் குறை நியாயம். அதற்கு வேகத்தைக் காரணம் காட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

நூலகப்பூச்சி:
கொஞ்சம் பின்னால் போவோம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் இருவரும் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தவர்கள். அவர்களையும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினார்கள். இன்று தமிழ் நாவல் வரலாற்றை எழுதுகிறவர்களால் அவர்களைத் தாண்டிப் போக முடியவில்லை. 2008-ல் நம் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் தமிழ் மாத நாவல் உலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. ராஜேஷ்குமார் அதில் இருக்கிறார். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்து வியந்தார்கள், நாம் பழைய இதழ்களை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மாம்பலத்தான்:
பாதுகாக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு தனி அலமாரியே வைக்கட்டும். பாதுகாப்பது வேறு, கொண்டாடுவது வேறு. 1500 என்று போஸ்டர் அடிப்பதைத்தான் எதிர்க்கிறேன். எதைப் படிக்கலாம் என்று சொல்ல ஆளில்லாமல் எண்ணிக்கையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்கே நல்லதில்லை.

சாணித்தாள் ரசிகன்:
இந்தக் கடைசி வரியில் நான் உங்கள் பக்கம். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் உட்கார்ந்து இருபது நாவல்களைப் பொறுக்கி, எந்த இதழில் எந்த மாதம் வந்தது என்ற குறிப்போடு நல்ல தாளில் போட வேண்டும். 80-களின் மாலைமதியிலிருந்து ஆரம்பிக்கலாம். என் பரணில் இருப்பதை ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பட்டியல் போடுகிறேன். அக்கா, பெண் பாத்திரம் உயிரோடு நிற்கிற கதை என்று உங்களுக்குப் படுவதைச் சொல்லுங்கள், அதையும் சேர்த்துவிடலாம்.